ரசமட்டக்காரர்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் சத்தம் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அபூர்வம். அப்படி வளர்ந்துவிட்டுக் கம்ப்யூட்டரில் சம்பாதிப்பவர்களுக்குள் ஒரு உறுத்தல் இருக்கும். நாற்பதை நெருங்கும்போது அது முற்றி, 3018 என்னும் குட்டி சி.என்.சி.யாக வீட்டுக்கு வந்து சேரும். 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் வேலைப்பரப்பு, அலுமினிய ஃப்ரேம், விரல் தடிமன் கம்பிகள். மொட்டைமாடி அறை ஒரே நாளில் ஃபேக்டரி ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கினார். அவர் வெட்டிய முதல் வட்டம் முட்டையாக வந்தது. தெருமுனை லேத் பட்டறை மேஸ்திரி வந்து, டயல் கேஜை வைத்து, ஸ்பிண்டிலை ஒற்றை விரலால் தள்ளினார். முள் இருபது கோடு ஓடியது, அதாவது 0.2 மில்லிமீட்டர்.

“ஏனுங் தம்பி, இது மெஷினுங்களா, தூளிங்களா?”

அன்றோடு மெஷினை வாங்கியவர் மாறிப்போனார். கல்யாணப் பந்தியில் உட்காரும் முன் மேசையை ஆட்டிப் பார்க்கிறார். மூன்று கால் எங்கே வைத்தாலும் நிற்கும், நாலாவது கால்தான் வம்பு என்று பாயசம் வரும்வரை விளக்குகிறார். உருண்டைக் கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு ஏறும் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்கும் இப்போது தெரியும். கோயில் தூணைத் தட்டிப் பார்த்து, “அதிர்வே இல்லை, என்ன ஒரு ஃப்ரேம்!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

மெஷினுக்கு அடியில் சமையல்மேடை கிரானைட் வந்தது. ஃப்ரேமின் பொந்துகளில் எபாக்சியும் மணலும் போயின. மெஷினில் முன்னும் பின்னும் ஓடும் மேசைக்கு இரும்புத் தகடு ஏறியது. கீழே கிரைண்டர் ஓடினால் வெட்டில் அலை விழுகிறதாம். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊரில் ஒரு பெண்மணி மாடிப்படியில் நின்று, “ஏனுங்க, மாவு ஆட்டலாமுங்களா?” என்று அனுமதி கேட்கிறார்.

ரசமட்டம் தனிக் கதை. கொத்தனார் வைத்திருப்பது போதாது என்று, ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டுவதை வாங்கினார். அறையில் யாராவது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தாலே அதன் குமிழி ஓடுகிறது. காபி கொண்டுவந்தவர் வாசற்படியிலேயே சிலையாக நிற்க வேண்டியதுதான். உண்மையில் இந்தச் சைஸ் மெஷினுக்குப் பூமியோடு மட்டம் தேவையே இல்லை. சுவரில் சாய்த்து வைத்தாலும் வெட்டும். ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளக் கூடாது, ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் இதை அவரிடம் சொல்லவில்லை. நல்லா இருக்கிற மனுஷரை ஏன் கெடுப்பானேன்?

செங்குத்துக்கும் குறைவில்லாமல் பாடுபடுகிறார். டயல் கேஜை ஸ்பிண்டிலில் கட்டி நாலு மூலைக்கும் சுற்றுவார். எங்கே குறைகிறதோ அங்கே ஷேவிங் பிளேடைச் செருகுவார். பிளேடின் கனம் சரியாக 0.1 மில்லிமீட்டர். அவர் தாடி வளர்ப்பதற்கு வேண்டுதல் எதுவும் காரணமில்லை. எல்லாம் பூஜ்யத்துக்கு வந்ததும் மேலே போட்ட எம்.டி.எஃப். பலகையை அதே மெஷினால் சீவிக் கண்ணாடியாக்குவார். ஐப்பசி மழை பெய்யும், பலகை ஊறி உப்பும், மறுபடியும் முதலிலிருந்து.

இதுவரை அந்த மெஷின் செதுக்கியதெல்லாம் அந்த மெஷினுக்கான உதிரிபாகங்கள்தான்.

இப்போது புதுச் சிக்கல். மெஷினின் மேசை கல்லாகிவிட்டது, அதன் கனத்தை இழுக்க முடியாமல் சின்ன மோட்டார் ஸ்டெப் விடுகிறது. பெரிய மோட்டார் வேண்டும், அதற்கு டிரைவர், அதற்கு பவர் சப்ளை. மோட்டாரை மாட்டும் பிளேட்டை வெட்டலாம் என்றால் மெஷின் பிரித்துக் கிடக்கிறது. படத்தோடு மேஸ்திரியிடமே போனார். ஓட்டைகளின் இடைவெளி 0.01-க்குள் இருக்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார்.

மேஸ்திரி படத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஓட்டைய நீளவாக்குல போட்டுக் குடுத்தர்றனுங்க தம்பி. நீங்க பாட்டுக்கு நவுத்தி நவுத்தி மட்டம் பாத்துட்டே இருக்கலாமுங்கல்ல?”