மோட்டார் ஓடுது, தண்ணி வரலை: கிளையண்ட்-சர்வர் பழுதறிதலில் குமாரலிங்கபுரம் மரபு

1. ஆய்வின் தேவை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த புரோகிராமர் தம் குழுவின் மூத்தவருக்கு அனுப்பும் செய்திகளுள் அளவில் சிறியதும் பயனில் அதைவிடச் சிறியதுமானது, "அண்ணே, வொர்க் ஆகல" என்பது. இதற்கு மூத்தவர் வழங்கும் மரபான விடை, "என் சிஸ்டத்துல ஓடுதே." முன்னதில் தகவல் இல்லை, பின்னதில் உதவி இல்லை. இவ்விரு வாக்கியங்களுக்கும் நடுவே எத்தனையோ வெள்ளிக்கிழமை மாலைகள் வீணாய்ப் போயின. அவற்றை மீட்பதே இவ்வாய்வின் நோக்கம்.

கேட்பது கிளையண்ட், கொடுப்பது சர்வர் என்ற அளவில் வரையறை போதும். சங்க காலத்திலேயே தமிழரிடம் சர்வர் இருந்தது என்று நிறுவும் எண்ணம் நமக்கு இல்லை. அத்துறையில் குடும்ப வாட்ஸாப் குழுக்கள் ஏற்கெனவே போதிய அளவு உழைத்துவிட்டன.

2. களமும் கருவியும்

விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தை 2023-இல் நாடறிந்தது. 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்கத் தேர்வான ஊர் அது. நாம் அங்கே சென்றது ஜவுளிக்காக அல்ல, மோட்டார் ரூமுக்காக. அதே மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடு பெரும்பாலும் வானம் பார்த்தது. கிணறோ போரோ வைத்திருப்பவருக்கும் மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்பது தனிக் கவலை. நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு காட்டுக்கு நடந்து, பாம்புக்கும் முள்ளுக்கும் தப்பி சுவிட்சைப் போட்டுவிட்டு வருவது பழைய முறை.

புதிய முறை மொபைல் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் பெட்டியோடு சிம் கார்டு போட்ட சிறு கருவியை இணைத்துவிட்டால், வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே மோட்டாருக்குப் போன் போடலாம். புணேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் 'நானோ கணேஷ்' என்ற பெயரில் இத்தகைய கருவியை உருவாக்கிப் புகழ் பெற்றார். தமிழக வேளாண்மைப் பொறியியல் துறையும் இவ்வகைக் கருவிகளுக்கு மானியம் தருகிறது. போன் கையில் இருப்பவர் கிளையண்ட், பெட்டி சர்வர், நடுவே செல்போன் டவர். ஆக, அறிஞர்கள் பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்கும் கட்டமைப்பு வரப்போரத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கிறது.

3. முன்னாய்வுகள்

துறையின் மூல ஆவணம் 1947 செப்டம்பர் 9-ஆம் தேதியிட்டது. அன்று ஹார்வர்டின் மார்க்-2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கிய விட்டிற்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் வாழ்நாள் முழுதும் சொல்லி மகிழ்ந்த கதை இது. ஆனால் பழுதைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு என்பதால், அந்த விட்டில் பெயருக்கு முதல் அன்று, பிடிபட்டதில் முதல். நம் வட்டாரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் புகுந்து காண்டாக்டரில் கருகும் பல்லியும், காயிலில் குடியேறும் எறும்பும் ஆண்டுதோறும் இதே சேவையைச் செய்துவந்தும் அவற்றை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வாங்கவில்லை. இப்புறக்கணிப்பு கண்டிக்கத்தக்கது.

அடுத்து, 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2324. இணையம் வழியாகக் காபிப் பானையை இயக்கும் விதிமுறை அது. தேநீர்ப் பானையிடம் காபி கேட்டால் 418 என்ற எண்ணோடு 'நான் தேநீர்ப் பானை' என்று பதில் வர வேண்டும் என்கிறது. விளையாட்டாக எழுதப்பட்டதே ஆயினும் அதில் ஒரு நெறி உண்டு: முடியாது என்பதோடு, ஏன் முடியாது என்பதையும் அந்தப் பானை சொல்லிவிடுகிறது. இன்றைய பல மென்பொருள்களுக்கு அந்தப் பண்பு வாய்க்கவில்லை.

4. மூல உரையாடல்

மோட்டார் மெக்கானிக் ஒருவருக்கும் அவரைப் போனில் அழைத்த பெரியவர் ஒருவருக்கும் நடந்ததாக இவ்வுரையாடலைக் கொள்க. ஆய்வின் மொத்தக் கருத்தும் இதற்குள் அடங்கும்.

"தண்ணி வரலப்பா."

"மோட்டாருக்குப் போன் போட்டீங்களா சின்னையா? ரிங் போச்சா?"

"போச்சு."

"எடுத்துச்சா?"

"எடுத்துச்சே. மோட்டார் ஓடுதுன்னு சொல்லுச்சு."

"அப்பச் சிம்மு, டவரு, கரண்டு ஒண்ணும் பாக்க வேணாம். கெணத்துப் பக்கம் போங்க. நான் வாரேன்."

மெக்கானிக் 'ஏன்' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 'எதுவரை' என்பதை மட்டுமே கேட்டார். போனை எடுத்து 'மோட்டார் ஓடுது' என்று பதில் வந்தது என்ற ஒரே செய்தியால், பெரியவரின் கட்டிலிலிருந்து ஸ்டார்ட்டர் வரையுள்ள அத்தனையும் குற்றப் பட்டியலிலிருந்து விடுதலையாயின. மிஞ்சியவை நீர்மட்டம், ஃபுட்வால்வு, குழாய்ச் சந்து, ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது. ஏனைய பழுதுகள் இருக்கலாம். ஆனால் அவை இன்று தண்ணீர் வராததற்குக் காரணமல்ல.

இதை நாம் 'எதுவரை விதி' என்போம்: கோரிக்கை எதுவரை போய்ச் சேர்ந்தது, பதில் சொன்னது யார் என்று தெரியும் முன் ஒரு வரி கோடையும் தொடாதே. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. பதிலே வராதபோது, சர்வரை எட்டாத கோரிக்கைக்காக சர்வர் கோடை நாற்பது இடத்தில் மாற்றுகிறார்கள். பிறகு பழுது தானே சரியாகிவிட, மாற்றிய நாற்பதும் நாற்பது புதிய பழுதுகளாய் நிலைத்துவிடுகின்றன.

5. பதில்களின் வகைப்பாடு

(அ) மௌனம். டைம்-அவுட். போன கோரிக்கை செத்ததா பிழைத்ததா தெரியாது. முகவரி தவறாக இருக்கலாம், நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம்.

(ஆ) உடனடி மறுப்பு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. புதியவர்கள் இதைக் கண்டு கலங்குகிறார்கள். உண்மையில் இது மௌனத்தைவிட நல்ல சகுனம். பெரும்பாலும், மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் காது கொடுக்க ஆளில்லை என்றே பொருள். சர்வீஸைத் தொடங்க மறந்திருப்பார்கள், அல்லது 8080-இல் ஓடுவதை 3000-இல் தேடியிருப்பார்கள்.

(இ) இடையில் நிற்பவரின் பதில். "நீங்கள் டயல் செய்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்று சொல்லும் அம்மையார் மோட்டார் ரூமில் இல்லை. இருந்தும் பலர் அவரையே திட்டுகிறார்கள். 502, 504 ஆகியவை இந்த அம்மையாரின் குரல். என்ஜின்எக்ஸ் போன்ற நடுவர், பின்னாலிருக்கும் உங்கள் புரோகிராம் உருப்படியாகப் பதில் தரவில்லை என்று அறிவிக்கிறார். சொன்னவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

(ஈ) பொறுப்பு பிரிக்கும் பதில். 4-இல் தொடங்கினால் கேட்டவர் மீது குறை: 401 என்றால் யாரென்று சொல்லவில்லை, 403 என்றால் யாரென்று தெரிந்தும் அனுமதி இல்லை, 404 என்றால் வீடு சரி, கதவு தவறு. 5-இல் தொடங்கினால் கொடுப்பவர் மீது குறை. அப்பாவின் எண்ணை மட்டும் பதிந்துவைத்த ஸ்டார்ட்டருக்குச் சென்னையிலிருந்து மகன் எத்தனை முறை அழைத்தாலும் மோட்டார் ஓடாது. அது 403, மகன் ஸ்பேனரோடு ஊருக்கு வருவதால் தீராது.

(உ) பொய்யான வெற்றி. எண் 200, உள்ளே 'எரர்' என்று எழுதிய தாள். இதுவே வகைகளுள் கொடியது. பச்சை விளக்கைப் பார்ப்பவருக்கு மோட்டார் ஓடுகிறது. வாய்க்காலைப் பார்ப்பவருக்குத்தான் தண்ணீர் வராதது தெரியும்.

இங்கே பிங் பற்றி ஒரு குறிப்பு. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய அந்தச் சிறு கருவி, மெஷின் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். பிங் வருகிறது என்பதால் சர்வீஸ் நடக்கிறது என்று முடிவு கட்டுவது, வீட்டில் குண்டு பல்பு எரிகிறது என்பதால் கிணற்றில் மும்முனைக் கரண்டு இருக்கிறது என்று சத்தியம் செய்வதே.

6. திருச்சுழிச் சிக்கல்

1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 'நான் யார்?' என்ற ஒரே விசாரணையில் எல்லாக் கேள்விகளையும் ஒடுக்கினார். கணினியுலகில் அக்கேள்விக்குரிய முகவரி 127.0.0.1, அதாவது லோக்கல்ஹோஸ்ட். எந்த மெஷின் இம்முகவரியை அழைத்தாலும் தன்னையே சென்று சேரும். 127-இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகள் முழுவதும் இந்தத் தன்விசாரணைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு ஒதுக்கீடு கிடைத்தும், 'லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடுகிறது' என்பதன் பொருளை இளையோர் உணர்வதில்லை.

அவர்களுடைய லேப்டாப்பில் கேட்பவரும் அதுவே, கொடுப்பவரும் அதுவே. ஆப்பை மாமாவின் போனில் ஏற்றியவுடன், மாமாவின் போன் தன்னைத்தானே அழைத்து, தன்னிடம் அப்படி ஒரு சர்வீஸ் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிறது. ஞானத்துக்கு உகந்த நிலை இது, பில்லிங்குக்கு உகந்ததன்று. முகவரியைக் கோடில் எழுதாமல் கான்ஃபிக் ஃபைலில் வைப்பதே விடுதலை.

7. இரண்டாவது மிஸ்டு கால்

சில ஸ்டார்ட்டர்களில் ஓர் அழைப்புக்கு மோட்டார் ஓடும், மறு அழைப்புக்கு நிற்கும். பெரியவர் அழைக்கிறார், பதில் வரவில்லை. சந்தேகத்தில் மறுபடி அழைக்கிறார். முதல் அழைப்பு போய்ச் சேர்ந்து, பதில் மட்டுமே தொலைந்திருந்தால், ஓடிய மோட்டாரை அவரே நிறுத்திவிட்டார். பதில் வரவில்லை என்பது வேறு, வேலை நடக்கவில்லை என்பது வேறு.

நம்ப முடியாத தடத்தில் செய்தி அனுப்பும் இருவர், எத்தனை முறை ஒப்புகை அனுப்பினாலும் முழு நிச்சயத்தை எட்ட முடியாது என்பது நிறுவப்பட்ட தேற்றம். 1978-இல் ஜிம் கிரே இதற்கு இரு தளபதிகள் சிக்கல் என்று பெயர் சூட்டினார். தளபதிகளுக்குப் பதில் ஒரு விவசாயியும் ஒரு மோட்டாரும் இருந்தாலும் தேற்றம் அசையாது. எனவே 'மாற்று' என்று கட்டளையிடாமல் 'ஓடு', 'நில்' என்று தனித்தனியே கட்டளையிடும் கருவியே சிறந்தது. 'ஓடு' என்று பத்து முறை சொன்னாலும் கேடில்லை. பணம் கட்டும் பட்டனை எழுதும் தம்பிக்கும் இதுவே பாடம்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் கட்டுவார், நீங்கள் பல முறை பதில் சொல்வீர்கள்.

8. ஊர்ப்பெயரின் வீக்கம்

'குமாரலிங்கபுரம்' தமிழ் வாத்தியாருக்கு 9 எழுத்து. யூனிகோடுக்கு 15 குறியீடு. உகரக் குறியும் புள்ளியும் அங்கே தனி ஆள். யூ.டி.எஃப்-8-இல் 45 பைட்டு. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில், மேசை விரிப்புத் தாளில் வகுத்த முறை அது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் அதில் 3 பைட்டு. டேட்டாபேஸில் ஊர்ப்பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கி, மிச்சத்தை வெட்டச் சொல்லியிருந்தால், 'குமாரலிங்க' என்பதோடு கச்சிதமாக நின்றுவிடும். புரம் வரப்புக்கு அந்தப் பக்கம் விழும்.

அதே 45 பைட்டுகளை லத்தீன்-1 என்று தவறாகப் படித்தால், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுபெற்ற வணிகச் சின்னக் குறி 13 முறை தோன்றும். ஜவுளிப் பூங்காவில் முதல் தறி ஓடுமுன்பே ஊர் 13 டிரேட்மார்க் பெற்றுவிடும். எழுதும் ஃபைல், அனுப்பும் ஹெடர், வைக்கும் டேபிள் ஆகிய மூன்று இடங்களிலும் குறிமுறை ஒன்றா என்று வரிசையாகப் பார்ப்பதே மருந்து. எழுத்து எதுவரை எழுத்தாக இருந்தது என்று கேட்பதால், இதுவும் எதுவரை விதியே.

9. பரிந்துரைகள்

ஒன்று: அண்ணனுக்குச் செய்தி அனுப்பும்போது என்ன கேட்டாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, கடைசியாக எதை மாற்றினாய் என்ற நான்கையும் எழுது. பாதிப் பழுது எழுதும்போதே தீரும். இரண்டு: லாக்கைப் படி. அதன் நேரம் யூ.டி.சி.யில் இருக்கலாம், காலை 6 மணிக்கு நடந்த விபத்து அதில் 12.30 நள்ளிரவு என்று இருக்கும். மூன்று: போஸ்ட்மேனில் வந்து பிரவுசரில் வராவிட்டால், சர்வரைச் சபிக்குமுன் கார்ஸ் விதியைப் பார், தடுப்பது பிரவுசரின் கையாக இருக்கலாம். நான்கு: நேற்றுவரை ஓடியது இன்று காரணமின்றி நின்றால் சான்றிதழின் தேதியைப் பார். லெட்ஸ் என்கிரிப்ட் தந்துவந்த சான்றிதழின் ஆயுள் 90 நாள். சிம்முக்கு ரீசார்ஜ் போடாத மோட்டாரும் இதே நோயால் சாகிறது. ஐந்து: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

10. மேலாய்வுக்குரியவை

எவ்வளவு கெஞ்சியும் ஓடாத புரோகிராம், மூத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் ஓடத் தொடங்குவது ஏன் என்பது இன்னும் விளக்கப்படவில்லை. மெக்கானிக் பைக்கை நிறுத்தியதும் மோட்டார் உறுமத் தொடங்குவதும் இவ்வகையே. மூத்தவர் முன்னிலையில் தம்பி படிகளை நிதானமாக, ஒன்றுவிடாமல் செய்வதே காரணம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். இக்கருத்தைச் சோதிக்க மூத்தவர் இல்லாதபோதும் அவ்வாறே செய்யும் தம்பி ஒருவர் தேவைப்படுகிறார். விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, 'வொர்க் ஆகல' என்று மட்டும் எழுதியவை நிராகரிக்கப்படும்.