அகச்சிவப்பு ஆசாமி

அமாவாசை நெருங்கினால் ஊரில் சிலர் தர்ப்பணத்துக்கு எள் வாங்குவார்கள். இவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை என்று ஏதோ ஒரு பிழைப்பு இருக்கும். சனிக்கிழமை இரவானால் நார்த்தாமலை அடிவாரத்தில், தெரிந்தவர் தோப்பில், மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றி நெபுலா என்னும் விண்மேகங்களைப் படம் பிடிப்பார். அதுவும் மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியில். அங்குள்ள மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்தின் முன்னால் வானம் இன்னும் அகலமாகக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது தொல்லியல் துறை காக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். நள்ளிரவில் கருப்புப் பெட்டியோடு அங்கே ஏறுகிறவரை ஊர் என்னவென்று நினைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அடிவாரத்தில் நின்றாலும் அப்படித்தான் நினைக்கிறது. ஸ்டாண்டைப் பார்க்கும் முதல் ஆள், "சார், ரோட்டுக்கு அளக்குறீங்களா?" என்பார். அடுத்தவர் குரலைத் தாழ்த்தி, "குவாரிங்களா?" என்பார். மூன்றாமவர் ஒன்றுமே கேட்கமாட்டார். புதையல்தான் என்று தீர்மானித்து, விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாயை விரட்ட அவரைவிட நல்ல துணை கிடையாது.

ஆசாமியின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது ஒரு கண்ணாடித் துண்டு. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் பதித்தே விற்கிறார்கள். நெபுலாக்களின் ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பிலும் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். இதற்காகவே கேனான் நிறுவனம் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ என்று ஃபில்டரை மாற்றிய கேமராக்களை விட்டது. நம்மவர் அவற்றின் பக்கம் போகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமராவை, வாரண்டி முடியுமுன்பே, பிரித்துக் கண்ணாடியைப் பிடுங்க வைத்தார்.

அதே கேமராவோடு மச்சினன் கல்யாண வரவேற்புக்குப் போனார். மாப்பிள்ளையின் கருப்புக் கோட்டு படத்தில் அரக்கு நிறத்தில் வந்தது. செயற்கை இழையில் நெய்த கருப்புத் துணி பல நேரம் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவுக்கே இந்தக் கதி நேர்ந்து, வாங்கியவர்களுக்கு நிறுவனம் இலவசமாக ஃபில்டர் கொடுத்தது. இதையெல்லாம் அவர் மாமியாரிடம் விளக்கினார். மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு மட்டும் வந்தது, "மாப்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கிட்டு வரவேணாம்" என்ற சேதியோடு.

வானத்தோடும் அவருக்கு வழக்கு உண்டு. வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கரின் அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்கவேண்டும். அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை உயரத்தில்தான் துருவம் இருக்கும். நார்த்தாமலைக்குச் சுமார் பத்தரை பாகை. அதனால் கடம்பர்மலையோ ஆளுருட்டிமலையோ வடக்கை மறைக்காத இடம் தேடி அலைவார். பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் ராத்திரி அந்தச் சூட்டைக் கக்க, காற்று அலைந்து நட்சத்திரங்கள் நடுங்கும்.

தெற்கே மட்டும் அவர் ராஜா. கரைனா நெபுலா லண்டன்காரருக்கு ஜென்மத்துக்கும் உதிக்காது. இங்கே பங்குனி மாதம் இரவு பத்து, பதினொரு மணிக்கு இருபது பாகை உயரத்தில் வந்து நிற்கும். அந்தப் பங்குனியில்தான் முத்துமாரியம்மனுக்குத் திருவிழா. வானத்தில் நெபுலா, தரையில் சீரியல் செட். திருவிழாவுக்கு நன்கொடை எழுதிவிட்டு, லைட் கட்டும் பையனிடம், "தம்பி, தெக்குப் பக்கத்து போகஸ் லைட்டை மட்டும் கொஞ்சம் கீழ பாத்துக் கட்டு" என்று கெஞ்சுவார். பையன் தலையாட்டுவான். லைட் ஆடாது.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே கரைனாவின் ஓர் ஓரத்தை அகச்சிவப்பில் எடுத்த படம் வந்தபோது, சொந்த அண்ணன் மகன் மாநிலத்தில் முதலிடம் வாங்கியதுபோல் தெருவெல்லாம் காட்டினார். வெப்பின் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம். மைனஸ் 220 டிகிரிக்கும் கீழான குளிரில், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி வேலை செய்கிறது. இவருடைய கேமரா புழுக்கத்தில் வேலை செய்கிறது. சென்சார் சூடானால் படத்தில் பொய்ப் புள்ளிகள் முளைக்கும். அவற்றைக் கழிக்க, லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேர அளவில் வெறும் இருட்டையும் படம் எடுத்தாக வேண்டும். "சார், மூடிய எடுக்க மறந்துட்டீங்க" என்று புதையல்காரர் பதறுவார்.

இத்தனைக்கும் பலன்? அகச்சிவப்பு விண்தூசியை ஊடுருவி வரும். 1967-இல் வானியலாளர்கள் பெக்ளினும் நியூகெபவரும் ஓரியன் நெபுலாப் பகுதியில் தூசிக்குள் ஒளிந்திருந்த இளம் நட்சத்திரம் ஒன்றை 2,200 நானோமீட்டரில் அப்படித்தான் பிடித்தார்கள். ஆனால் சாதாரணக் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்குச் சுமார் 1,100-க்கு மேல் கண் தெரியாது. 850 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டி ஓரியனை எடுத்தால், ஹைட்ரஜனின் அந்த ரோஜாச் சிவப்பு போயே போய்விடும். கந்தக அயனிகள் 953 நானோமீட்டர் வாக்கில் உமிழும் ஒளியும் இன்னும் சிலவும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஏதோ மிச்சமிருக்கும்.

"மேகம் எங்க சார்?" என்று கேட்டால் முகம் மலரும். "போயிருச்சுல்ல? அதுதான் விசேஷம்!" சம்பளத்தைப் போட்டு, தூக்கத்தைக் கெடுத்து, நெபுலா மங்கிப்போன நெபுலாப் படத்தை எடுத்துவிட்டுச் சந்தோஷப்படும் பிறவி இவர் ஒருவர்தான்.

காற்றிலுள்ள நீராவியே அகச்சிவப்புக்கு எதிரி. அதனால்தான் நம் நாட்டு அகச்சிவப்பு ஆய்வுக்கு மவுண்ட் அபுவையும், 4,500 மீட்டர் உயர லடாக்கின் ஹான்லேயையும் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொன்னால், "அங்கெல்லாம் ராத்திரி டீ கிடைக்காதுங்க" என்பார்.

ஓரியன் நெபுலாவைப் பார்க்க இத்தனை பாடு தேவையில்லை. தை, மாசி இரவுகளில் எட்டு, ஒன்பது மணிக்கு உச்சியை ஒட்டி நிற்கும். சாதாரண பைனாகுலரே போதும். வழியில் இவரைக் கண்டால் வண்டியின் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள், காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.