16 பைட்டுக்கு ஒரு பரிவாரம்

1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டு இயந்திரமான கேம் பாய்க்கு நிறம் நான்கே. நான்கும் பச்சை வகையறா. படத்தை 8-க்கு 8 சதுரங்களாக வெட்டி, சதுரத்துக்கு 16 பைட் என்று படியளந்தார்கள். இன்று அதற்குப் படம் வரைகிறவர் பி.என்.ஜி. கோப்பில் வரைகிறார். அந்தக் கோப்போ தான் யார், அகலம் என்ன, உயரம் என்ன என்று சுயபுராணம் பாடி முடிக்கவே 33 பைட். இன்னும் ஒரு புள்ளிகூட வரவில்லை.

ஆகவே மாற்றித் தர ஒரு கருவி. கறுப்புத் திரையில் ஆர்ஜிபிஜிஎஃப்எக்ஸ் என்று தட்டவேண்டும். வேலை நல்லபடி முடிந்தால் வாயே திறக்காது. ஓவியர் விளிம்பை வழவழப்பாக்குகிறேன் என்று ஒரே சதுரத்தில் ஐந்தாவது நிறத்தைச் சிந்திவிட்டால் மட்டும் தாம்தூம் என்று குதிக்கும்.

முந்திப் பிறந்த விளையாட்டு இயந்திரம் ஃபாமிக்காமும் நின்டெண்டோ பிள்ளைதான். அதே சதுரம், அதே 16 பைட். அடுக்குவதில்தான் பங்காளிச் சண்டை: புள்ளிக்கு இரண்டு பிட், தளத்துக்கு ஒன்று; அங்கே முதல் தளத்தின் 8 பைட்டும் முடிந்த பிறகே இரண்டாவது தளம், இங்கே வரிக்கு வரி மாறி மாறி. எனவே அதற்குத் தனிக் கருவி. இருப்பதை எடுத்துப் பயன்படுத்தலாமே என்றால், ஆர்வலருக்கு அது கௌரவக் குறைச்சல். தானே பைத்தான் நிரல்மொழியில் ஒன்று எழுதி, பெயரின் நடுவே 'டு' என்று படிக்க மறக்காமல் ஒரு 2 போட்டு வெளியிடுவார். கூடவே எம்.ஐ.டி. உரிமம், 'எதற்கும் நான் பொறுப்பல்ல' என்ற பாணியில், ஆயிரம் எழுத்துக்கு மேல். அந்த இடத்தில் 60 சதுரங்களைத் தாராளமாக வைக்கலாம்.