நிலா என்கிற ரஷ்ய ஏவுகணை

1960 அக்டோபர் 5, புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டிய நாள். திருவண்ணாமலையில் அன்று கிரிவலம் போன கண்மங்கிய கிழவிக்குக்கூட மேலே இருப்பது நிலா என்று தெரிந்திருக்கும். கிரீன்லாந்தின் துலே ராணுவத் தளத்தில் அமெரிக்கா புதிதாக நிறுத்தியிருந்த ராட்சத ரேடாருக்குத்தான் தெரியவில்லை. நார்வேப் பக்கம் எழுந்த நிலாவை சோவியத் ஏவுகணைக் கூட்டம் என்று கொலராடோவில் இருந்த வான்பாதுகாப்புத் தலைமையகத்துக்குச் சேதி அனுப்பிவிட்டது. சந்தேகமே வேண்டாம், 99.9 சதவீதம் உறுதி!

அனுப்பிய அலை நிலாவில் மோதித் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். அவ்வளவு தொலைவிலிருந்து எதிரொலி வரும் என்று கட்டிய மேதைகளுக்குத் தோன்றவில்லை. சோவியத் தலைவர் குருஷ்சேவ் அன்று நியூயார்க்கில்தான் இருந்தார். அவர் இருக்கும் ஊர்மீதே குண்டு விழுமா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். நாம் பிழைத்துக் கிடப்பது அந்தத் தயக்கத்தால்.

இந்தத் தளத்துக்காக 1953இல் அங்கே வாழ்ந்த இனுக்வித் மக்களைப் பிடுங்கி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கானாக்கில் கொண்டுபோய் நட்டார்கள். மாதக்கணக்கில் நீளும் துருவ இருட்டில் நிலாவைக் கொண்டே நாள் குறித்த பரம்பரை அது. நிலா தெரிந்தவனைத் துரத்திவிட்டு நிலா தெரியாத இயந்திரத்தைக் குடிவைத்ததற்குப் பெயர் தேசப் பாதுகாப்பு.

அந்த ரேடார் உயிரோடு இருக்கிறதா என்று மேலிருந்து பார்க்க, ஹைட்ரஜன் குண்டு சுமந்த விமானங்கள் அதைக் கிரிவலம் வந்தன. 1968 ஜனவரியில் அப்படிச் சுற்றிய ஒன்றில், சூடேற்றியின் வாயருகே திணித்த இருக்கை மெத்தை தீப்பிடித்தது. நான்கு குண்டுகளோடு விமானம் கடல்பனியில் விழுந்து சிதறியது. பனியெல்லாம் புளூட்டோனியம். எதிரி வரவில்லை, மெத்தை வந்தது.

சிரித்துவிட்டு நம் திருவண்ணாமலைக்கு வாருங்கள். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. புயலின் ஒவ்வொரு அசைவையும் செயற்கைக்கோளும் ரேடாரும் வண்ணவண்ணமாகக் காட்டிக்கொண்டிருந்தன. வ.உ.சி. நகரில் அண்ணாமலைச் சரிவு இறங்கி ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் செத்தார்கள், அதில் ஐந்து குழந்தைகள். சரிவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க எந்த ரேடார் வேண்டும்? அந்த வீடுகளின் படியேறி ஓட்டுக் கேட்டவர்களுக்கு வாசல் தெரியாதா? வாடகைக்கு ஊருக்குள் இடம் கிடைக்காதவன்தான் பாறைக்கடியில் அடுப்பு மூட்டுவான் என்பது தெரியாதா? மழை ஓய்ந்த பிறகு மண்ணியல் வல்லுநர்கள் வந்தார்கள், அமைச்சர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன.

உயிரோடு இருந்தவரை எந்தத் திரையிலும் தென்படாத அந்த ஏழு பேரும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தார்கள்: தலைக்கு 5 லட்சம்.