குழல்வாய் விளிம்பும் பினாங்குக் காடழிப்பும்: ஓர் ஆய்வு

காற்றுத் துப்பாக்கி குறி தவறினால் ஊரார் சுட்டவன் கண்ணைக் குறை சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் குழலின் வாய் விளிம்பைக் குறை சொல்வார்கள். இவ்வாய்வாளர் இரண்டாம் கட்சி.

4.5 மி.மீ. ஈயக் குண்டின் பின்புறம் பாவாடை போல விரிந்திருக்கும். குழலைக் கடைசியாகத் தொட்டுப் பிரிவது அந்தப் பாவாடைதான். குழல்வாயில் ஒரு பக்கம் நசுங்கியோ பிசிறு தட்டியோ இருந்தால், அடைபட்ட காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிடும். குண்டு தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பும். ஒலிம்பிக்கில் 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. நோயறியக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும்: விளிம்பைச் சுற்றி இழுத்தால் பிசிறுள்ள இடத்தில் பஞ்சு நூல் விடும். வைத்தியம், குமிழ்த்தலைப் பித்தளைத் திருகாணியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, டிரில்லில் மாட்டி, மணிக்கட்டைத் தளரவிட்டு மெல்லச் சுழற்றுவது. முன்னதாகக் குழலுக்குள் பஞ்சடைக்க வேண்டும். மறந்தால் பேஸ்ட் உள்ளே இறங்கி வரிப்பள்ளங்களைத் தின்றுவிடும்.

இந்த வைத்தியத்துக்குப் பினாங்கு தோதான ஊரில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குக் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே, உரிமம் வேண்டும். பார்வையாளரிடம் உரிமம் கேட்காத குழல் ஒன்று ஜார்ஜ்டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கிறது. பெயர் செரி ரம்பாய். 1603இல் வார்த்த டச்சுப் பீரங்கி. 1871இல் ஆங்கிலேயர் சிலாங்கூரிலிருந்து கைப்பற்றிக் கொண்டுவந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள். ஆக, பஞ்சுக்குச்சியின் வேலையை இங்கே பூக்காம்பு பார்க்கிறது. விளிம்பில் பிசிறு இருந்தால் வரம் வேண்டியவர் வீட்டுக்கே போகுமா, அடுத்த வீட்டுக்குப் போகுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கியபோது அந்தக் கரை முழுக்கக் காடு. வெட்ட ஆட்கள் முனையவில்லை. வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் புகுந்தவர்கள் மரம் செடியெல்லாம் வெட்டிச் சாய்த்தார்களாம். வரலாற்றாசிரியர்கள் தயங்கட்டும், குழல்வாய் இயலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. அந்தப் பீரங்கியை யாராவது கைராசிக்காரர் சீர்செய்து கொடுத்திருந்தால் காசெல்லாம் ஒரே புதரில் விழுந்திருக்கும். ஒருவன் ஒரே அரிவாளோடு போய், மடியில் முடிந்துகொண்டு திரும்பியிருப்பான். லைட் ஸ்திரீட், பீச் ஸ்திரீட் ஓடும் இடத்தில் இன்றும் புன்னை மரம் பூத்துக்கொண்டிருக்கும், வாகனம் நிறுத்த இடம் தேடும் தொல்லையும் யாருக்கும் இருந்திருக்காது.