ஏஸ் ஜோடியும் எட்டுப் பேரும்

கையில் இரண்டு ஏஸ் வந்தும் இணையப் போக்கரில் தோற்கிறார்களே, சீட்டின் சதியா? (வாசகர், பெஸ்தாரி ஜெயா)

சதியில்லை, கூட்டம்! 221 கைக்கு ஒருமுறை வரும் ஏஸ் ஜோடி, எதிரே ஒருவரே இருந்தால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எட்டுப் பேர் நுழைந்துவிட்டால் பாதிகூடத் தேறாது. சின்னப் பந்தய மேசையில் எந்தச் சீட்டுக்கும் காசு கட்டி உள்ளே வருவார்கள். ஆகவே பதுங்காமல், முதலிலேயே தொகையை நன்றாக ஏற்றிவிட வேண்டும்.

ஆளுக்கு 200 பெரிய பிளைண்ட் (கட்டாய ஆரம்பப் பந்தயம்) அளவுக்குக் காசு குவிந்திருந்தால் ஆபத்து வேறு. எதிராளியின் சிறு ஜோடி, முதல் மூன்று பொதுச்சீட்டிலேயே ஏறத்தாழ எட்டில் ஒருமுறை மூன்றாகிவிடும். இதுவரை அடங்கியிருந்தவர் திடீரென்று மொத்தத்தையும் தள்ளினால், ஏஸையும் மடித்துவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

காசு வைத்து ஆடுமுன் ஒன்று நினைவிருக்கட்டும்: மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் சூதாட்டக்கூடச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது.