சிமென்ட்டும் சிசுவும்: ஒரு கால ஆராய்ச்சி

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்று எச்சரித்த முன்னோர், இரண்டும் தனித்தனியே வரும் என்று நம்பிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து, ஐந்து வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது வயிற்றில் இருக்க, சமையலறைத் தரையை உடைத்துப் போட்டிருக்கும் நிலையைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இச்சிற்றாய்வு. இத்தகைய வீடுகளில் வேலை ஏன் முடிவதில்லை என்று கேட்டால் பணம், தூசி, ஆள் கிடைக்காமை என்று மூன்று காரணம் சொல்வார்கள். இவை நோயின் அறிகுறிகள், நோய் வேறு. வேலை எப்போது நடக்கும், எப்போது நிற்கும் என்பதை அங்கே தீர்மானிப்பவர் என்ஜினீயர் அல்லர், மேஸ்திரி அல்லர், பணம் கொடுப்பவர் நிச்சயமாக அல்லர். அந்த இரண்டு வயதுக் குழந்தைதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கடிகாரங்களைக் கவனிப்போம். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும், 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதன் வலிமையை அளப்பது 28ஆம் நாளில். மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் 43, 53 என்ற எண்கள் அந்த நாளின் வலிமையைக் குறிப்பவை. கர்ப்பக் காலமோ, கடைசியாகத் தலைக்குக் குளித்த கணக்கிலிருந்து 280 நாள். இதை 28ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 10 வருகிறது. பத்து மாதம் சுமந்ததாகத் தமிழ்த் தாய்மார்கள் சொல்லும் கணக்கைக் காலண்டரைக் காட்டி ஒன்பதாகக் குறைக்கப் பார்ப்பவர்கள், ஒரு சிமென்ட் மூட்டையிடம் கேட்டுத் தெளியலாம். ஆக, கருப்பைக்கும் கலவைக்கும் சண்டையே இல்லை. நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன் தரையைப் போட்டால்கூட, பிரசவத்துக்குள் அது பலமுறை முற்றியிருக்கும். கெடுப்பது மூன்றாவது கடிகாரம். அதற்கு முள் கிடையாது. மதியம் அது ஒன்றரை மணி நேரம் தூங்கும். டைல்ஸ் வெட்டும் மெஷின் அலறத் தொடங்குவது அப்போதுதான். மெஷின் நின்று ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது அது விழித்து, புத்துணர்ச்சியோடு களத்தில் இறங்கும்.

கருவிகளின் அமைப்பும் இதற்கு உடந்தை. தூக்குக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது என்பது கொத்தனாரின் தரப்பு. அடி கூர்த்து, தோள் உருண்டு, தலையில் கயிறு கட்டித் தயாராகத் தொங்கும் பித்தளைப் பம்பரம் என்பது குழந்தையின் தரப்பு. பாரபட்சமற்ற நீதிபதி இரண்டாவது தரப்புக்கே தீர்ப்பு எழுதுவார். ரசமட்டத்துக்குள் ஒரு குமிழி சிறைப்பட்டிருக்கிறது. சாய்த்தால் ஓடுகிறது, நிமிர்த்தினால் திரும்பி வருகிறது. அதைக் கையிலிருந்து பிடுங்கிச் சுவர்மேல் வைப்பது சரியா என்பது அறவியல் சிக்கல். வாசலில் கொட்டிய எம்சாண்ட் அரை யூனிட், அதாவது 50 கன அடி. அதில் எவ்வளவு சுவருக்குப் போகிறது, எவ்வளவு காற்சட்டைப் பைகள் வழியாகப் படுக்கைக்குப் போகிறது என்பதை இன்னும் யாரும் பிரித்து அளக்கவில்லை.

‘மேஸ்திரிகள் சொன்ன நாளில் முடிப்பதில்லை, பழியைக் குழந்தைமேல் போடுவானேன்?’ என்பது முதல் ஆட்சேபம். மனிதர்கள் தங்கள் வேலைக்கான நாளைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்ற இயல்புக்கு 1979இலேயே கானமன், ட்வர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாகச் சுமார் 34 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். கவனியுங்கள், அவர்கள் நம்பியிருந்தது தங்கள் கையை மட்டும். பிளம்பர் வந்தால்தான் கொத்தனார், கொத்தனார் போனால்தான் பெயிண்டர் என்ற சங்கிலி அவர்களுக்கு இல்லை. ஈரச் சுவரில் யாரும் கை வைக்கவும் இல்லை. ஆகவே ‘ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்’ என்று மேஸ்திரி சொல்வதைப் பொய் என்பது தவறு. குழந்தை இல்லாத ஒரு கற்பனை வீட்டில் அது உண்மையாகவே இரண்டு நாள் வேலைதான்.

‘வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் இடிக்காதே, கட்டாதே என்று பெரியவர்கள் சொன்னார்களே, அந்த விலக்கு கர்ப்பத்தைத்தானே குறிக்கிறது?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். இங்கே ஆய்வாளர் சற்றுச் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் விலக்கில் நியாயம் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முன் பூசிய சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசி கருவுக்கும் ஆகாது, தரையில் தவழ்ந்து விரல் சூப்பும் பிள்ளைக்கும் ஆகாது. மணற்குவியலைப் பூனைகள் கழிப்பிடமாக்கிக்கொள்ளும்; பூனைக் கழிவில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி கர்ப்பிணிகள் அஞ்ச வேண்டிய ஒன்று. சுரண்டும் நாட்களில் இருவரும் அந்த வீட்டில் இல்லாதிருப்பதே அறிவு. ஆனால் இதுவும் நம் துணிபையே உறுதி செய்கிறது. எச்சரித்தால் கர்ப்பிணி விலகிப் போவார். எச்சரித்தால் நெருங்கி வருவது யார் என்பது வெளிப்படை.

‘அப்படியானால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை முடியுங்கள்’ என்பார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது தலைப்பிரசவத்துக்கு உள்ள சலுகை. மூன்றாவதற்குள் மூத்ததைப் பள்ளியில் சேர்த்தாகிவிடும், தாய்வீட்டாருக்கும் முழங்கால் வலி வந்துவிடும். ‘பிள்ளைகள் வளரட்டும், பொறுங்கள்’ என்பார்கள். இன்னொரு அறை வேண்டும், வழுக்காத தரை வேண்டும், மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும் என்ற தேவை எல்லாமே பிள்ளைகளால் எழுந்தவை. பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வேலை ரெண்டே நாளில் முடியும். அந்த அறையில் துணி காயப்போடுவார்கள். வீட்டைப் புதுப்பிக்க உகந்த காலம் தேவை தீர்ந்த காலமே என்று முடிவது தர்க்கத்துக்கு அழகு, வாழ்க்கைக்கு உதவாது.

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றையும் பதிய வேண்டும். புதிய பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். பெரியவர்கள் மூன்றாம் நாளே மறந்துவிடும் இந்த வேலையை, குவளையும் அனுமதியும் கொடுத்தால், இரண்டு வயது ஆள் ஏழு நாளும் சலிக்காமல் செய்யும். சுவரோடு தன்னையும் நனைத்துக்கொள்ளும் என்பது மட்டுமே குறை. இன்னொன்று, இறுகத் தொடங்குமுன் உள்ள அந்த முதல் அரைமணி. கொல்லைப்புறப் படியில் கரண்டியால் இழைத்துவிட்டுக் கொத்தனார் கைகழுவப் போகும் நேரத்தில், வலது கால் ஒன்று, ஐந்து விரலும் தெளிவாக, அதில் பதிந்துவிடுகிறது. வந்து பார்ப்பவர் மறுபடி இழைக்கக் கரண்டியை எடுக்கிறார்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நிற்பவர் வேண்டாம் என்கிறார். கிருஷ்ண ஜெயந்திக்கு வருஷம் தவறாமல் அரிசிமாவைக் கரைத்து, வாசலிலிருந்து பூஜை அறைவரை குட்டிக் கால்களாகப் போட்டு வரவழைப்பதும், அதுவாகவே வந்து பதிந்ததைக் கரண்டியால் அழிப்பதும் ஒரே வீட்டில் நடக்க முடியாது அல்லவா? அந்த வீட்டில் பிரசவத்துக்கு முன்பே முடிந்த வேலை என்று கணக்கில் எழுதக்கூடியது அந்தப் படி ஒன்றுதான்.